விளைவித்தவன் கடனாளி, விற்றவன் முதலாளி: முற்பணத்தின் கணக்கு

விளைபொருட்களின் விலை ஏறினாலும் ஏச்சு வியாபாரிக்கு, இறங்கினாலும் ஏச்சு வியாபாரிக்கு. ஏறினால் "கொள்ளையடிக்கிறார்கள்" என்று வாங்குபவர் சொல்கிறார். இறங்கினால் "வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று விவசாயி சொல்கிறார். தக்காளியும் பூசணியும் வாங்க ஆளில்லாமல் வீதியோரத்தில் கொட்டப்பட்டுக் கிடக்கும் படங்களைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். அதற்கு நேர்மாறாக 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் சில்லறைக் கடையில் 1000 ரூபாவைத் தாண்டியது. மழைக்குத் தப்பிய தோட்டக்காரர் சிலர் அந்த மாதம் நல்ல காசு கண்டார்கள். தோட்டம் அழுகிப் போனவருக்கு அந்த விலையால் ஒரு பயனும் இருக்கவில்லை.

இந்த ஏச்சில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அநியாயம் என்பதை நாம் கோபப்படாமல் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. விளைபொருள் வியாபாரம் நமது சமூகத்துக்குப் புதிதல்ல. கண்டி இராச்சிய காலத்திலேயே நம் முன்னோர் தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைநாட்டுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது பாக்கும் ஏனைய விளைபொருட்களும் கொண்டு வந்தார்கள். இன்றும் தம்புள்ளையிலும் கொழும்பிலும், அம்பாறை மாவட்டத்து நெல் ஆலைகளிலும், கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத்திலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மேலாக, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் வயல் செய்பவரும் முஸ்லிம், நெல் வாங்குபவரும் முஸ்லிம். ஒரே ஸப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். பள்ளியை விட்டு வெளியே வந்ததும் ஒருவர் கடன் கொடுத்தவர், மற்றவர் கடன்பட்டவர். ஆகவே இது நம் வீட்டு விடயம்.

அரிசி சொல்லும் கணக்கு

முதலில் ஒரு கணக்கு. 2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசிக்கு உச்ச விலை அறிவித்தது. நாட்டரிசி மொத்த விலை கிலோ 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. அதாவது, கடைக்காரர் ஒரு கிலோவில் காணக்கூடியது 5 ரூபா. கடை வாடகை, மின்சாரம், சாக்கு கிழிந்து சிந்துவது, கொப்பியில் எழுதிக்கொண்டு போகும் கடன், எல்லாம் அந்த 5 ரூபாவுக்குள். "கடைக்காரன் கொள்ளையடிக்கிறான்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது. நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. 100 கிலோ நெல்லைக் குற்றினால் சுமார் 65 கிலோ அரிசி கிடைக்கும். அப்படியானால் ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான நெல் தேவை. 120 ரூபாப்படி அதன் பெறுமதி 185 ரூபா. 230 ரூபாவில் 185 ரூபா வயலுக்குப் போகிறது. மீதி 45 ரூபாவில் ஆலை, பொதி, லொறி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை எல்லோரும் பங்கு. தவிட்டின் வருமானம் ஆலைக்குத் தனி.

காகிதத்தில் பார்த்தால் இது மோசமான பங்கீடு என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு ஏன் ஒவ்வொரு அறுவடையிலும் விவசாயி வீதிக்கு இறங்குகிறார்? ஏனென்றால் அந்த 120 ரூபா காய்ந்த நெல்லுக்கு, களஞ்சியத்துக்குக் கொண்டு வந்து கொடுக்கும் நெல்லுக்கு, காத்திருந்து விற்கக் கூடியவரின் நெல்லுக்கு. வெட்டு மெஷினிலிருந்து ஈரத்தோடு இறங்கும் நெல்லை அன்றே விற்றாக வேண்டிய மனிதருக்கு அந்த விலை பத்திரிகைச் செய்தி மாத்திரமே.

நான் பல வருடங்களாகக் கொடுக்கல் வாங்கலில் கண்ட பாடம் இதுதான்: விலையைச் சொல்பவர் காத்திருக்க முடிந்தவர். காத்திருக்க முடியாதவர் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறார். விவசாயிக்கும் சந்தைக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது.

காத்திருக்க முடியாதவர்கள்

மரக்கறிக்காரருக்குக் காத்திருக்கும் வழியே இல்லை. போஞ்சியும் தக்காளியும் பறித்த நேரத்திலிருந்து பெறுமதி குறைந்துகொண்டே போகும். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் 1999இல் தொடங்கியது. அதன் பின் விவசாயிக்குப் பெரிய சந்தை ஒன்று கிட்டத்தில் வந்தது உண்மை. பல மாவட்டத்து லொறிகள் ஓரிடத்தில் வந்து நின்று வாங்குவதால் விற்கவே வழியில்லை என்ற நிலை குறைந்தது. கொழும்பில் பல காலம் கோட்டையும் புறக்கோட்டையும் சூழ இருந்த நெரிசலில் இயங்கிய மெனிங் சந்தையும் பின்னர் பேலியகொடைக்கு இடம் மாறியது. கட்டடங்கள் வந்தன, இடவசதி வந்தது. ஆனால் சாக்குகளை இறக்கி வைத்துவிட்டு நிற்கும் விவசாயியிடம் "இன்றைக்கு மால் கூட, இந்த விலைதான்" என்று சொன்னால், அவர் அந்தச் சாக்குகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக முடியாது. திரும்பிப் போகும் லொறிக் கூலி அவரது கையில் இல்லை. போனாலும் நாளை அது அதே மரக்கறி அல்ல.

இதற்குள் நமக்கும் சேர்த்து ஒரு நட்டம் ஒளிந்திருக்கிறது. மரக்கறியிலும் பழங்களிலும் அறுவடைக்குப் பின் 30 முதல் 40 வீதம் வரை வீணாகிறது என்று பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வருகிறது. சாக்கில் இறுக்கி அடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு மேல் ஆளும் ஏறிக்கொண்டு வந்தால் வேறென்ன நடக்கும்? 2011 டிசம்பரில் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தபோது விவசாயியும் எதிர்த்தார், வியாபாரியும் எதிர்த்தார். கூடை வாங்கும் காசு, வெறுங்கூடையைத் திருப்பி அனுப்பும் கூலி, லொறியில் குறைவாக ஏறும் சரக்கு என்று எதிர்ப்புக்கும் காரணங்கள் இருந்தன. அரசாங்கம் பின்வாங்கியது. ஆனால் வீணாகும் சரக்கின் விலையை யாரோ கொடுக்கத்தான் வேண்டும். வாங்குபவர் கூடிய விலையாகவும், விவசாயி குறைந்த விலையாகவும் கொடுக்கிறார்கள். அழுகியதைக் கொட்டும் நாளில் நாமும் கொடுக்கிறோம்.

நெற்செய்கையை எடுத்துக்கொண்டால், கிழக்கில் "வேளாண்மை" என்று சொன்னாலே அதுதான், அங்கே நிலைமை வேறு. நெல் அழுகும் பொருளல்ல. காயவைத்தால் மாதக்கணக்கில் வைக்கலாம். அறுவடை மாதத்தில் விழும் விலை சில மாதங்களில் ஏறும் என்பது விவசாயிக்கும் தெரியும். ஆனாலும் விற்கிறார். காரணம் நெல்லின் ஈரம் பாதி, கடனின் சூடு பாதி. வெட்டு மெஷின்காரர் காத்திருக்கிறார், உரக்கடைக்காரர் காத்திருக்கிறார், அடகில் இருக்கும் நகை காத்திருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் வரம்பில் வந்து நிற்பவர் முற்பணம் கொடுத்த முதலாளி.

முற்பணம் என்ற முடிச்சு

முற்பணம் கொடுப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. வங்கி பிணை கேட்கிறது, உறுதி கேட்கிறது, நாட்கணக்கில் அலைய வைக்கிறது. விதைக்கும் நாள் யாருக்காகவும் காத்திருக்காது. அந்த நேரத்தில் கை கொடுப்பவர் ஊர் வியாபாரிதான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த வருடம் ரூபாவின் பெறுமதி விழுந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. முன்பு சில ஆயிரங்களோடு வயலில் இறங்கியவர் இன்று இலட்சங்கள் இல்லாமல் இறங்க முடியாது. முற்பணத்தின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கேள்வி, அந்தப் பணம் எந்த நிபந்தனையோடு போகிறது என்பது. நம்மிடையே பரவலாக இருக்கும் ஒரு முறையை எண்களில் போட்டுப் பார்ப்போம்.

பெரும்போகத்துக்கு நவம்பரில் ஒரு விவசாயிக்கு 100,000 ரூபா கொடுக்கப்படுகிறது. "வட்டி இல்லை, நாம் முஸ்லிம்கள். ஆனால் விளைந்த நெல் முழுவதையும் எனக்கே தர வேண்டும், அன்றைய விலையில் கிலோவுக்குப் பத்து ரூபா குறைத்து எடுப்பேன்" என்பது பேச்சு. அவருக்கு இரண்டு ஏக்கர் வயல். விளைச்சல் 4000 கிலோ. பெப்ரவரியில் ஊர் விலை 110 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முதலாளி 100 ரூபாப்படி எடுக்கிறார். 4000 கிலோவுக்குப் பத்து ரூபாப்படி விவசாயி இழப்பது 40,000 ரூபா.

100,000 ரூபாவுக்கு மூன்று மாதத்தில் 40,000 ரூபா. எந்த வங்கி இப்படி வாங்குகிறது? எந்த அடகுக் கடை வாங்குகிறது? வட்டி என்ற சொல் மாத்திரம் அங்கே இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது.

கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி திர்மிதி, அபூதாவூத் போன்ற ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. அந்தத் தடையின் கருத்து இந்த உதாரணத்தைப் பார்த்தால் தெளிவாக விளங்கும். "கடன் தருகிறேன், ஆனால் உன் பொருளை எனக்குக் குறைத்துத் தா" என்று சொன்னால், விலையில் குறைத்த தொகைதான் கடனின் கூலி. கடன் கொடுத்தவருக்கு நிபந்தனையாக வரும் எந்த இலாபமும் ரிபாவின் வாசல் என்று இமாம்கள் சொல்லியிருப்பது இதற்காகத்தான்.

"என் பணம் திரும்பி வராமலும் போகிறதே, வெள்ளம் வந்தால் நான் என்ன செய்வது?" என்று ஒரு முதலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மார்க்கமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

ஸலம்: முன்பணத்தின் நேரான வழி

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் முன்கூட்டியே பணம் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அன்னார் அதைத் தடுக்கவில்லை. அளவு தெரிந்திருக்க வேண்டும், நிறை தெரிந்திருக்க வேண்டும், தவணை தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இந்த வியாபாரத்துக்கு ஸலம் என்று பெயர். விவசாயிக்கு விதைக்கும் நேரத்தில் பணம், வியாபாரிக்கு அறுவடை நேரத்தில் பொருள்.

அதே 100,000 ரூபாவை ஸலம் முறையில் கொடுத்துப் பார்ப்போம். நவம்பரில் இருவரும் இருந்து பேசி, காய்ந்த நாட்டு நெல் கிலோ 100 ரூபாப்படி 1000 கிலோ, பெப்ரவரி 28இல் இன்ன இடத்தில் ஒப்படைப்பது என்று எழுதுகிறார்கள். முழுப் பணமும் அங்கேயே கைமாறுகிறது. பெப்ரவரியில் விலை 110 ஆனால் வியாபாரிக்கு 10,000 ரூபா இலாபம். அது ஹலாலான இலாபம். விலை 85க்கு விழுந்தால் அவருக்கு 15,000 ரூபா நட்டம். அதை அவர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மீதி 3000 கிலோ விவசாயியின் சொந்தம். யாருக்கும் விற்கலாம், காயவைத்துக் காத்திருக்கலாம்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தியதில் விலையைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டு, அறுவடையன்று பலமுள்ளவர் அதைச் சொல்கிறார். நட்டம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் விவசாயியின் தலையில். முழு விளைச்சலும் கட்டுண்டு கிடக்கிறது. ஸலத்தில் விலை முதல் நாளே இருவருக்கும் தெரியும். விலை இறங்கும் ஆபத்து வியாபாரியோடும், விலை ஏறும் வாய்ப்பை ஓரளவு விட்டுக்கொடுப்பது விவசாயியோடும் இருக்கின்றன. கட்டுண்டிருப்பது 1000 கிலோ மாத்திரம்.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பேசிய தொகை முழுவதும் ஒப்பந்தம் நடக்கும் அந்தச் சபையிலேயே கொடுக்கப்பட வேண்டும். "பாதி இப்போது, மீதி உரம் போடும்போது" என்றால் அது ஸலம் ஆகாது. பாதிப் பணம்தான் இருக்கிறதென்றால் பாதி நெல்லுக்கு ஒப்பந்தம் செய்யுங்கள். மூடைக் கணக்கில் எழுதாதீர்கள். ஊருக்கு ஊர் மூடை வேறுபடும். கிலோவில் எழுதுங்கள். நெல்லின் இனம், ஈரப்பதம், ஒப்படைக்கும் நாள், இடம் எல்லாம் இருக்க வேண்டும். "இந்த வயலில் விளையும் நெல்" என்று குறிப்பிட்ட வயலைக் கட்டக் கூடாது. அந்த வயல் விளையாமலும் போகலாம். எங்கிருந்தாவது அந்த இன நெல்லை ஒப்படைப்பது அவரது பொறுப்பு. வெள்ளம் வந்து ஒப்படைக்க முடியாமற் போனால் வியாபாரிக்கு இரண்டு வழி: அவகாசம் கொடுப்பது, அல்லது கொடுத்த பணத்தை மாத்திரம் திருப்பி எடுப்பது. அதற்கு மேல் ஒரு சதம் தண்டமாக எடுத்தால் சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்கிறோம். நெல் கைக்கு வருமுன் அதை இன்னொருவருக்கு விற்பதும் கூடாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸலம் ஆகுமானது என்பதற்காக விவசாயியின் நெருக்கடியைப் பார்த்து 100 ரூபா நெல்லை 60 ரூபாவுக்குப் பேசலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படிவம் சரியாக இருந்தும் உள்ளம் பிழையாக இருந்தால் பரகத் எங்கிருந்து வரும்? ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டு போய் உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். அல்குர்ஆனில் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. நாம் வாய்ப்பேச்சில் முடிப்பதற்கு அது ஒரு காரணமாகாது.

ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கலாம்?

முற்பணத்துக்கு அடுத்த ஏற்றத்தாழ்வு தராசில் இருக்கிறது. ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் ஒரே விலை கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது விவசாயிக்குத் தெரியாது. நம்மில் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை.

காய்ந்த நெல் என்றால் 14 வீத ஈரப்பதம் என்பது வழமை. 100இல் 14 போனால் 86. ஈரப்பதம் 20 வீதமான நெல் என்றால் 100இல் 20 போக 80. ஈர நெல்லின் நிறையை 80ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் அது காய்ந்த பின் வரும் நிறை கிடைக்கும். 1000 கிலோ ஈர நெல் காய்ந்தால் 930 கிலோ. அதாவது குறைவது 7 வீதம். காய்ந்த நெல் 120 ரூபா என்றால் இந்த ஈர நெல்லின் நேரான பெறுமதி 111 ரூபா 60 சதம். காயவைக்கும் கூலியையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை.

இதே நெல்லை "ஈரம் கூட" என்று சொல்லி 95 ரூபாவுக்கு எடுத்தால், கிலோவுக்கு 16 ரூபா 60 சதம் ஈரத்தின் பெயரால் கழிகிறது. அது ஈரத்தினால் வந்த குறைவல்ல. 4000 கிலோவுக்கு அது 66,400 ரூபா. காயவைக்கும் கூலி போக மீதியைப் பாருங்கள். அடுத்த போகத்துக்கு அவர் நம்மிடம் வந்து கேட்கும் ஒரு இலட்சத்தில் பெரும் பகுதி அவரிடமிருந்து நாம் எடுத்ததுதான். அதையே திருப்பி அவருக்குக் கடனாகக் கொடுத்து நன்றியும் எதிர்பார்க்கிறோம்.

இதற்கு மேல் சாக்குக் கழிவு என்று மூடைக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ. வெறும் சாக்கின் நிறை எவ்வளவு என்று ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்தால் போதும். வாங்கும்போது நிறைய அளந்து, கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றி அல்குர்ஆனில் ஒரு முழு அத்தியாயமே, 83ஆவது அத்தியாயம், அவர்களது பெயராலேயே இருக்கிறது. அதன் முதல் வார்த்தை கேடுதான் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

கொமிஷன் கடையின் அமானிதம்

தம்புள்ளை போன்ற சந்தைகளில் கொமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவர்கள் பலர். கொமிஷன் ஹலாலான தொழில். விவசாயிக்கு வாடிக்கையாளரைத் தெரியாது, விற்றவனிடம் காசு அறவிடத் தெரியாது. அந்த வேலைக்குக் கூலி எடுப்பதில் பிழையில்லை. ஆனால் கொமிஷன்காரர் மார்க்கத்தின் பார்வையில் வகீல், அதாவது இன்னொருவரின் பிரதிநிதி. என்ன விலைக்கு விற்றாரோ அந்த விலையைச் சொல்லி, பேசிய கொமிஷனை மாத்திரம் எடுக்க வேண்டும். 150க்கு விற்றுவிட்டு 120க்கு துண்டு எழுதிக் கொடுத்து, அதற்குள் கொமிஷனும் எடுத்தால் அது இரண்டு முறை எடுப்பது. ஷாபிஈ மத்ஹபில் வகீல் அந்தப் பொருளைத் தனக்கே விற்றுக்கொள்ளவும் முடியாது. உங்களுக்கு அந்தச் சரக்கு வேண்டுமென்றால் "நான் கொமிஷன்காரனாக அல்ல, வாங்குபவனாகப் பேசுகிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.

சந்தைக்கு வருபவர்களைச் சந்தை விலை தெரியுமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையைக் கண்டால் விற்பனையை முறிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அன்று ஒட்டகக் கூட்டம், இன்று வரம்பில் நிற்கும் லொறி. தோட்டத்திலேயே போய் வாங்குவது விவசாயிக்கு வசதிதான். அவருக்கு விலை தெரியாது என்பதை மூலதனமாக்குவதுதான் பிரச்சினை. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் சந்தை விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. இன்று விலையை மறைத்துச் செய்யும் வியாபாரத்துக்கு ஆயுள் குறைவு.

நமக்கென்ன இலாபம்?

"இதெல்லாம் வயளில் கேட்க நல்லது, கடையில் நடக்குமா?" என்று சிலர் நினைக்கலாம். வியாபாரக் கண்ணாலேயே பார்ப்போம். கார்கில்ஸ் நிறுவனம் 1999இல் ஹங்குராங்கெத்தையில் சேகரிப்பு நிலையம் திறந்து விவசாயியிடம் நேரடியாக மரக்கறி வாங்கத் தொடங்கியது. தரம் பிரித்து, கூடையில் ஏற்றி, நிறுத்துக் காசு கொடுத்தார்கள். பெரிய சுப்பர் மார்க்கட்டுகள் அந்த வழியில் வளர்ந்தன. அவர்கள் தரம் பார்த்துக் கழிப்பதும் உண்டு, எல்லாச் சரக்கையும் எடுப்பதும் இல்லை. ஆயினும் விவசாயி அங்கே போவதற்குக் காரணம் நிறையும் காசும் நிச்சயம் என்பது. நாம் அந்த நிச்சயத்தைக் கொடுக்காவிட்டால் நல்ல சரக்கு அவர்களிடம் போகும், கழித்தது நம்மிடம் வரும்.

ஆகவே, ஒரு வியாபாரியின் கைக்குள் இருக்கும் சில காரியங்களைச் சொல்கிறேன். அரசாங்கத்தையோ சட்டத்தையோ எதிர்பார்க்கத் தேவையில்லை.

1. கடனையும் கொள்வனவையும் பிரித்து வையுங்கள். உதவியாகக் கொடுத்தால் கடனாகக் கொடுத்து, கொடுத்ததையே திருப்பி எடுங்கள். வியாபாரமாகச் செய்தால் ஸலமாக எழுதுங்கள். தனியாகச் செய்ய மூலதனம் போதாவிட்டால் மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்யுங்கள்.

2. ஈரப்பதம் பார்க்கும் கருவியொன்றை வாங்கி வைத்து, அதில் விழும் எண்ணை விவசாயிக்கும் காட்டுங்கள். கழிவுக் கணக்கைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

3. தராசு விவசாயியின் பக்கம் பார்த்திருக்கட்டும். சாக்குக்கு அதன் உண்மையான நிறையை மாத்திரம் கழியுங்கள்.

4. கொமிஷன் கடையென்றால் விற்ற விலை, நிறை, கொமிஷன் மூன்றும் துண்டில் தனித்தனியாக இருக்கட்டும்.

5. காசை இழுத்தடிக்காதீர்கள். வசதி இருந்தும் கொடுக்க வேண்டியதைத் தாமதிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதக் காசோலை கொடுத்தால், அந்த இரண்டு மாதமும் நமது வியாபாரத்துக்கு விவசாயி வட்டியில்லாக் கடன் தருகிறார் என்று அர்த்தம். அவரோ அதற்காக வட்டிக்கு வாங்கிக்கொண்டிருப்பார்.

6. நல்ல சரக்குக்குக் கூடிய விலை கொடுங்கள். தரம் பிரித்துக் கூடையில் கொண்டு வருபவருக்கும் சாக்கில் அடைத்து வருபவருக்கும் ஒரே விலை என்றால் யார் கூடை வாங்குவார்? வீணாவது குறைந்தால் அந்தக் காசு இருவருக்கும் பொது.

விவசாயிகளுக்கும் ஒரு சொல். மூடையின் அடியில் பதரும், கூடையின் அடியில் அழுகலும் வைப்பது நம்பிக்கையை உடைக்கும். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது விற்க வந்தவரைத்தான். ஒப்பந்தம் எழுதிவிட்டு, விலை ஏறியதும் வேறு லொறிக்கு நெல்லை ஏற்றி விடுவதும் அதே வகைதான். நியாயம் இரண்டு பக்கமும் தேவை.

விலை நிர்ணயம் செய்து தருமாறு கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. சந்தை சுதந்திரமாக இருக்கட்டும் என்று விட்டார்கள். அந்தச் சுதந்திரத்தை நாம் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக எடுத்துச் சொல்கிறோம். ஆனால் ஒருவர் வயிற்றுப் பசியோடும் கடன் நெருக்கடியோடும், மற்றவர் நிறைந்த களஞ்சியத்தோடும் இருந்து பேசும் விலையில் அந்தச் சுதந்திரம் எவ்வளவு இருக்கிறது? அவருக்கு ஒரு மாதம் காத்திருக்க நாம் வழி செய்தால், அந்தச் சந்தையில்தான் உண்மையான விலை பிறக்கும். அந்த விலையில் வாங்கி விற்றும் இலாபம் காண்பவர்தான் தொழில் தெரிந்த வியாபாரி.

சிறுபோகமோ பெரும்போகமோ, அடுத்த முற்பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் ஒரு கடதாசியை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கலைச் சுத்தமாக்கி, அதில் பரகத் செய்வானாக.